வி. ஆர். கானோல்கர்

வசந்த் ராம்ஜி கானோல்கர் (ஏப்ரல் 13, 1895 - அக்டோபர் 29, 1978) இந்தியாவின் புகழ்பெற்ற நோயியல் அறிஞர்களுள் ஒருவர். இந்திய நோயியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். புகையிலை மெல்லுதல், பீடி, சுருட்டு புகைத்தல், ஆடை உடுத்தும் முறை முதலான அன்றாடப் பழக்கங்களுக்கும் புற்றுநோய்க்கும் இடையே உள்ள தொடர்பை இந்திய நோயாளிகளிடையே முறைப்படி ஆராய்ந்து வெளியிட்டார். தொழுநோய், குருதி வகைகள் ஆகியன பற்றிய ஆய்வுகளிலும் இவரது பங்களிப்பு முதன்மையானது. பம்பாயில் இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தை உருவாக்கி நெடுங்காலம் வழிநடத்தினார். இந்திய அரசின் பத்ம பூசண் விருதைப் பெற்றவர்.

இளமையும் கல்வியும்

கானோல்கர் 1895 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் நாள் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1923 இல் நோயியலில் எம்.டி. பட்டம் பெற்றார். நாடு திரும்பிய பின் பம்பாயின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும், பின்னர் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியிலும் நோயியல் பேராசிரியராகப் பணியாற்றினார்.

நோயியல் என்பது நோயுற்ற திசுக்களை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து, நோயின் தன்மையையும் தோற்றத்தையும் கண்டறியும் துறையாகும். அக்காலத்தில் மருத்துவக் கல்லூரிகளில் நோயியல் பெரும்பாலும் கற்பித்தலுக்கும் பிணக்கூறாய்வுக்கும் உரிய துறையாகவே கருதப்பட்டது. அதனை ஆராய்ச்சித் துறையாக வளர்த்தெடுத்தவர்களுள் கானோல்கர் முன்னோடி ஆவார். இந்திய நோயியலாளர், நுண்ணுயிரியலாளர் சங்கத்தின் நிறுவனத் தலைவராகவும் இவர் விளங்கினார்.

டாட்டா நினைவு மருத்துவமனை

தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெகர்பாய் டாட்டா 1931 இல் குருதிப் புற்றுநோயால் இறந்தார். இந்தியாவில் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் இதன் விளைவாக எழுந்தது. தோராப்ஜியின் மறைவுக்குப் பின் அவரது அறக்கட்டளை இம்முயற்சியைத் தொடர்ந்தது. 1941 பெப்ரவரி 28 அன்று பம்பாயின் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் ஆய்வகங்களின் இயக்குநராகக் கானோல்கர் பொறுப்பேற்றார்.

இந்த மருத்துவமனை ஆராய்ச்சிக்கு அரிய வாய்ப்பொன்றை அளித்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பல மொழி பேசுவோரும், பல சமயத்தவரும், பல தொழில் செய்வோரும் இங்கு சிகிச்சைக்கு வந்தனர். அவர்களது உணவும் உடையும் பழக்கங்களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன. எனவே, எந்தப் பழக்கம் உடையவருக்கு உடலின் எந்த இடத்தில் புற்றுநோய் தோன்றுகிறது என்பதை ஒரே கூரையின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கானோல்கரின் முக்கியமான ஆய்வுகள் யாவும் இந்த ஒப்பீட்டின் மீதே எழுந்தவை.

முன்னோடி ஆய்வுகள்

புற்றுநோய்க்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பு குறித்த ஐயம் இந்தியாவில் கானோல்கருக்கு முன்பே எழுந்திருந்தது. அவற்றுள் இரண்டு ஆய்வுகள் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியைச் சேர்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. சென்னைப் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் நிப்ளாக், வெற்றிலை மெல்லுவோரிடம் காணப்படும் கன்னப் புற்றுநோயைப் பற்றி 1902 இல் எழுதினார். தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர், வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுநோயைப் பற்றி 1933 இல் லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார். வெற்றிலையுடன் சேர்க்கப்படும் புகையிலையின் பங்கை அவர் வலியுறுத்தினார். நெய்யூர் தற்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

ஆயினும், இவை தனித்தனி மருத்துவமனைகளின் அனுபவங்களாகவே நின்றன. புற்றுநோய் மேலைநாடுகளுக்கு உரிய நோய், வெப்ப நாடுகளில் அது அரிது என்ற கருத்தும் அப்போது பரவலாக இருந்தது. இனமும் தட்பவெப்பமும் காரணம் என்றால் மனிதர் செய்யக்கூடியது ஏதுமில்லை. பழக்கமே காரணம் என்றால் நோயைத் தடுக்க வழி உண்டு. கானோல்கர் எடுத்துக்கொண்ட வினாவின் முக்கியத்துவம் இதில்தான் அடங்கியுள்ளது.

ஆயிரம் நோயாளிகள்

டாட்டா நினைவு மருத்துவமனைக்கு அடுத்தடுத்து வந்த ஆயிரம் வாய்ப்புற்று நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துக் கானோல்கர் 1944 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோயாளிகளைத் தெரிந்தெடுக்காமல், வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டது இத்தொகுப்பின் சிறப்பாகும். இவ்வாறு செய்வதால், ஆய்வாளர் தம் கருத்துக்கு ஏற்ற நோயாளிகளை மட்டும் காட்டிவிடும் பிழை தவிர்க்கப்படுகிறது.

இத்தகைய தொகுப்புகளின் வாயிலாக, வாய்ப்புற்றுநோய் என்று பொதுவாகக் கூறப்படுவது உண்மையில் ஒரே நோயன்று என்பது தெளிவாயிற்று. சிலருக்குக் கன்னத்தின் உட்புறத்திலும், சிலருக்கு ஈற்றிலும், வேறு சிலருக்கு நாவின் அடியிலும் கட்டி தோன்றியது. இந்த வேறுபாடுகள் தற்செயலானவையாக இல்லாமல், நோயாளி எந்தப் பகுதியைச் சேர்ந்தவர், புகையிலையை எவ்வாறு பயன்படுத்துபவர் என்பவற்றோடு ஒத்துப்போயின.

மூன்று புதிய வகைகள்

கானோல்கர் தம்முடன் பணியாற்றிய சூரியாபாயுடன் இணைந்து 1945 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவரது பணிகளுள் பரவலாக அறியப்பட்டதாகும். பழக்கவழக்கங்களால் தோன்றும் மூன்று வகைப் புற்றுநோய்களை அது விவரித்தது.

வேட்டிப் புற்றுநோய்: வேட்டியை இடுப்பில் இறுகக் கட்டும் இடத்தில், நாள்தோறும் ஏற்படும் உராய்வால் தோல் நிறம் மாறித் தடிக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அவ்விடத்தில் ஆறாத புண்ணும், அதிலிருந்து புற்றுநோயும் தோன்றக்கூடும். குளிரைத் தாங்குவதற்காகக் காங்கிரி என்னும் கனல்சட்டியை உடலோடு அணைத்து வைத்துக்கொள்ளும் காசுமீர மக்களிடம், வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் தோன்றுவது முன்னரே அறியப்பட்டிருந்தது. வேட்டிப் புற்றுநோயும் அதைப் போன்றே நீண்டகால உறுத்தலால் விளைவதாகும். இது அரிதாகவே காணப்படுகிறது.

கைனிப் புற்றுநோய்: பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் புகையிலைத் தூளைச் சுண்ணாம்புடன் உள்ளங்கையில் தேய்த்துக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அடக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இது கைனி எனப்படுகிறது. இப்பழக்கம் உடையவர்களுக்குக் கைனியை அடக்கி வைக்கும் அதே இடத்தில் புற்றுநோய் தோன்றுவதைக் கானோல்கரும் சூரியாபாயும் எடுத்துக்காட்டினர்.

அண்ணப் புற்றுநோய்: ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், குறிப்பாகப் பெண்கள், சுட்டா என்னும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பதுண்டு. இதனால் வெப்பமும் புகையும் வாயின் மேற்கூரையாகிய வல்லண்ணத்தை நேரடியாகத் தாக்குகின்றன. பிற நாடுகளில் வல்லண்ணப் புற்றுநோய் மிக அரிது. ஆனால் இப்பழக்கம் உள்ள பகுதிகளில் அது மிகுதியாகக் காணப்பட்டது.

இம்மூன்றுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. பழக்கம் உடலின் எந்த இடத்தைத் தொடுகிறதோ, நோயும் அந்த இடத்திலேயே தோன்றுகிறது. ஒரே நாட்டில், ஒத்த வெப்பநிலையில் வாழும் மக்களிடையே நோயின் இடம் இவ்வாறு மாறுபடுவதை இனத்தைக் கொண்டோ தட்பவெப்பத்தைக் கொண்டோ விளக்க இயலாது.

மெல்லுதலும் புகைத்தலும்

ஒரு பழக்கம் உடையவர்களிடம் ஒரு நோய் காணப்படுவது மட்டும் அப்பழக்கமே காரணம் என்பதற்குச் சான்றாகாது. நோயற்றவர்களிடமும் அப்பழக்கம் அதே அளவில் இருந்தால் அந்த வாதம் வலுவிழந்துவிடும். எனவே நோயுற்றோரின் பழக்கங்களை நோயற்றோரின் பழக்கங்களுடன் ஒப்பிட வேண்டும். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் கில் ஆகியோர் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இம்முறையில் ஆராய்ந்து 1950 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

அதே இதழில் 1955 இல் சங்வி, ராவ், கானோல்கர் ஆகிய மூவரின் கட்டுரை வெளிவந்தது. புகையிலையைப் புகைத்தல், மெல்லுதல் ஆகிய பழக்கங்களுக்கும், வாய், தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றின் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அது ஆராய்ந்தது. மெல்லுதல் வாய்க்குழிப் புற்றுநோயுடனும், பீடி புகைத்தல் நாவின் அடிப்பகுதி, தொண்டை ஆகியவற்றின் புற்றுநோயுடனும் தொடர்புடையவை என அதில் காட்டப்பட்டது.

மேலைநாட்டு ஆய்வுகள் சிகரெட்டை மையமாகக் கொண்டிருந்த காலத்தில், இந்திய மக்கள் மிகுதியாகப் பயன்படுத்திய பீடியையும் மெல்லும் புகையிலையையும் இவ்வாய்வு கருத்தில் கொண்டது. புகைத்தால்தான் தீங்கு, மென்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கைக்கு இதன் முடிவுகள் எதிரானவை.

பாக்கும் வாய் இறுக்கமும்

பாக்கு மெல்லுவோரில் சிலருக்கு வாயின் உட்புறச் சவ்வு நாளடைவில் வெளுத்து, நார்போல் இறுகி, வாயைத் திறக்க இயலாத நிலை ஏற்படுகிறது. இது வாய்ச் சவ்வடி நார்ப்பெருக்கம் எனப்படும். இந்நிலை பின்னர் புற்றுநோயாக மாறக்கூடும். சத்தியவதி சிர்சாத், கானோல்கர் ஆகிய இருவரும் 1960களின் தொடக்கத்தில் இந்நோயுற்ற திசுக்களை எதிர்மின்னி நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். பாக்கிலுள்ள அரிகோலின், மிளகாயிலுள்ள கேப்சைசின் ஆகிய வேதிப்பொருள்கள் எலிகளின் வாய்த் திசுக்களில் ஏற்படுத்தும் மாற்றங்களையும் ஆராய்ந்தனர்.

புகையிலையுடன் கூடிய வெற்றிலைப் பாக்கு புற்றுநோயை உண்டாக்குகிறது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985 இல் அறிவித்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும் கூடப் புற்றுநோய்க் காரணிகளே என்று அதே முகமை 2004 இல் வெளியிட்ட தொகுதியில் கூறியது. கன்னப் புற்றுநோய் பற்றிய நிப்ளாக்கின் கட்டுரைக்கும் இம்முடிவுக்கும் இடையே நூறு ஆண்டுகள் கடந்திருந்தன.

மக்களினங்களும் குருதி வகைகளும்

பழக்கத்தின் பங்கை அறிய வேண்டுமானால் மரபின் பங்கையும் அறிய வேண்டும். இந்நோக்கில் கானோல்கர் மரபியல் அறிஞர் சங்வியுடன் இணைந்து, பம்பாயில் தத்தமக்குள்ளேயே மணவுறவு கொள்ளும் ஆறு சமூகங்களைத் தெரிந்தெடுத்தார். குருதி வகை உள்ளிட்ட ஏழு மரபுப் பண்புகள் இச்சமூகங்களில் எவ்வாறு பரவியுள்ளன என்பதை இருவரும் ஆராய்ந்தனர். இந்திய மக்கள்தொகை மரபியலின் தொடக்ககால ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

சமூகங்களிடையே புற்றுநோயின் வகை மாறுபடுவதையும் இவர் சுட்டிக்காட்டினார். நெருப்பைப் புனிதமாகப் போற்றும் பார்சி சமயத்தவரிடம் புகைக்கும் வழக்கம் குறைவு. பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும், இளவயதுத் திருமணம் மிகுந்திருந்த இந்துப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோயும் கூடுதலாகக் காணப்பட்டன.

தொழுநோய் ஆய்வு

தொழுநோயின் தொடக்கநிலைத் தழும்புகளில் திசுக்கள் அடையும் மாற்றங்களைக் கானோல்கர் விரிவாக ஆராய்ந்தார். இவ்வாய்வு 1951 இல் வெளியிடப்பட்டது. தொழுநோயாளி ஒருவரின் திசுவிலிருந்து ஒருவகை நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்தமை பற்றிப் பாபட், கமல் ரணதிவே, கானோல்கர் ஆகியோர் 1958 இல் வெளியிட்டனர். ஆய்வு மையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தால் ஐ.சி.ஆர்.சி. நுண்ணுயிர் என அழைக்கப்படும் இதிலிருந்து பின்னாளில் ஒரு தடுப்பூசி உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் நடத்தப்பட்டு 1998 இல் முடிவுகள் வெளியான தொழுநோய்த் தடுப்பூசி ஒப்பீட்டு ஆய்வில் இத்தடுப்பூசியும் இடம்பெற்றது.

இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையம்

சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையுடன் அடிப்படை ஆராய்ச்சிக்கெனத் தனி நிறுவனமும் தேவை என்பது கானோல்கரின் எண்ணம். அதன்படி 1952 இல் பம்பாயில் இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. இவரே அதன் முதல் இயக்குநர். நோயியலுடன் உயிரணு வளர்ப்பு, மரபியல், எதிர்மின்னி நுண்ணோக்கியியல் ஆகியவற்றையும் ஒருங்கிணைத்து ஆராய இம்மையம் வழிவகுத்தது.

பெண்கள் ஆராய்ச்சித் துறைக்கு வருவது அரிதாக இருந்த அக்காலத்தில், கானோல்கரின் ஆய்வகத்திலிருந்து பெண் அறிவியலாளர் பலர் உருவாயினர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் கமல் ரணதிவே (1917-2001). கானோல்கரின் வழிகாட்டலில் 1949 இல் முனைவர் பட்டம் பெற்ற இவர், இம்மையத்தில் திசு வளர்ப்பு ஆய்வகத்தை அமைத்தார். 1966 முதல் 1970 வரை மையத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1966 இல் டாட்டா நினைவு மருத்துவமனையும் இம்மையமும் இணைக்கப்பட்டு டாட்டா நினைவு மையம் என்னும் ஒரே அமைப்பாயின.

பிற பொறுப்புகள்

கானோல்கர் 1960 முதல் 1963 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். புற்றுநோய்க்கு எதிரான பன்னாட்டு ஒன்றியத்தின் தலைவராகவும் விளங்கினார். இந்திய அரசு இவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக அமர்த்தியது. அணுகுண்டு வெடிப்பின் விளைவுகளைப் பொதுமக்களுக்கு விளக்கும் பொருட்டு, இயற்பியலாளர் தௌ. சி. கோத்தாரி தலைமையில் 1950களில் உருவான நூலின் ஆக்கத்திலும் இவர் துணைநின்றார்.

சட்டமும் பழக்கத்தைக் கைவிடலும்

கானோல்கரின் ஆய்வுகள் வெளிவந்த வேகத்தில் அவற்றின் பயன் மக்களைச் சென்றடையவில்லை. புகையிலையின் தீங்கைப் பற்றிய எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்ற முதல் இந்தியச் சட்டம் 1975 இல் இயற்றப்பட்டது. அப்போது கானோல்கர் உயிருடன் இருந்தார். ஆனால் அச்சட்டம் சிகரெட்டுக்கு மட்டுமே பொருந்தியது. பீடியும் சுருட்டும் மெல்லும் புகையிலையும் அதன் வரம்புக்குள் வரவில்லை. அதாவது, இந்திய நோயாளிகளிடம் இவர் கண்டறிந்த காரணிகளில் பெரும்பாலானவை சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றன. எல்லாப் புகையிலைப் பொருள்களையும் உள்ளடக்கிய சட்டம் 2003 இல்தான் இயற்றப்பட்டது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடை விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குட்கா, பான் மசாலா ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2013 இல் தடை விதிக்கப்பட்டது.

பழக்கமே காரணம் என்றால், அதைக் கைவிட்டால் நோய் குறைய வேண்டும். இதனைச் சோதிக்கும் ஆய்வு கானோல்கருக்குப் பின் வந்தவர்களால் நிறைவேற்றப்பட்டது. பல் மருத்துவ ஆய்வாளர் மேத்தா, பிரகாசு குப்தா, டென்மார்க்கைச் சேர்ந்த பிண்ட்போர்க் ஆகியோரின் குழு, எர்ணாகுளம், பவநகர், சிறீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் 36,000 புகையிலைப் பயனாளர்களிடையே ஆய்வு நடத்தியது. அவர்களின் வாய் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்கப்பட்டது. புகையிலையை விடுமாறு நேரிலும், திரைப்படம், சுவரொட்டி முதலான வழிகளிலும் அறிவுரை வழங்கப்பட்டது. ஐந்தாண்டு முடிவுகள் 1986 இல் லான்செட் இதழில் வெளியாயின. அறிவுரை பெற்றவர்களில் பழக்கத்தை விட்டவர்களும் குறைத்துக்கொண்டவர்களும் கூடுதலாக இருந்தனர். புற்றுநோய்க்கு முன்னோடியான வெண்படலம் புதிதாகத் தோன்றுவதும் அவர்களிடையே குறைந்தது. சுட்டாவைத் தலைகீழாகப் புகைக்கும் வழக்கமுள்ள சிறீகாகுளமும் இவ்வாய்வில் இடம்பெற்றமை, கானோல்கரின் 1945 ஆம் ஆண்டுக் கட்டுரையின் தொடர்ச்சியாகவே அமைந்தது.

உலக நலவாழ்வு அமைப்பின் துணையுடன் 2002 இல் நாட்டின் 13 இடங்களில் புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கப்பட்டன. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் உருவான சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் அவற்றுள் ஒன்று. நிகோட்டின் மூளையில் ஏற்படுத்தும் அடிமைத்தன்மையால், தீங்கை அறிந்தவர்களாலும் புகையிலையை எளிதில் விட முடிவதில்லை. ஆகவே இம்மையங்களில் அறிவுரையுடன் மனநல ஆலோசனையும், தேவையானவர்களுக்கு மருந்தும் வழங்கப்பட்டன.

மறைவும் நினைவும்

கானோல்கர் 1978 அக்டோபர் 29 அன்று காலமானார். இவர் உருவாக்கிய ஆய்வு மையம் 2002 இல் நவி மும்பையின் கார்கர் பகுதிக்கு இடம் மாறி, புற்றுநோய்க்கான உயர்நிலைச் சிகிச்சை, ஆராய்ச்சி, கல்வி மையத்தின் ஒரு பகுதியாயிற்று. அங்குள்ள ஆய்வுக் கட்டடம் கானோல்கர் சோதிகா என இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இந்திய நோயியலாளர்களின் மாநாடுகளில் இவர் பெயரால் நினைவுச் சொற்பொழிவும் நிகழ்த்தப்படுகிறது.